ஹைட்ரோவுக்கு வாங்கிய 75 ஓம், 1500 வாட் பிரேக் ரெசிஸ்டர்: ஒன்பது மாத அனுபவம்

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ஈரத்துணியைப் பிழிகிற ஹைட்ரோவுக்கு 10 எச்பி மோட்டார், 415 வோல்ட் விஎஃப்டி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்). சுவிட்சை அணைத்தால் டிரம் தானாக நிற்க நாலு நிமிஷம் ஆகும், அதற்குள் மூடியைத் திறக்கப் பார்க்கும் பையன்களை அதட்டியே எங்களுக்குத் தொண்டை வறண்டுவிடும். அதனால்தான் பிரேக் ரெசிஸ்டர், அதாவது நிறுத்தும்போது டிரம்மிலிருந்து டிரைவுக்குத் திரும்பி வரும் மின்சாரத்தைச் சூடாக மாற்றித் தீர்க்கும் கம்பிச் சுருள், போட முடிவு செய்தோம்.

தலைப்பில் சொன்ன ரெசிஸ்டர் எங்களுக்கு இரண்டாவது. முதலில் வாங்கியது 300 வாட் அலுமினியம் கேஸ் ரெசிஸ்டர். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவைதானே நிறுத்துகிறீர்கள், சராசரி 150 வாட்கூட வராது, இதுவே ஜாஸ்தி என்று கடையில் சொன்னார்கள். கணக்கு தப்பில்லை, ஆனால் பாதிக் கணக்கு. மூன்றாவது வாரம் உள்ளே கம்பி அறுந்துவிட்டது. அதற்கப்புறம் நிறுத்தும்போதெல்லாம் டிரைவ் ஓவர்வோல்டேஜ் டிரிப் (வோல்ட் எகிறியதால் தானே நின்றுவிடுவது) காட்டும், டிரம் பழையபடி தன்போக்கில் சுற்றும்.

மீதிக் கணக்கு இதுதான். துணியோடு சேர்த்து எங்கள் டிரம்மின் இனர்ஷியா (சுழற்சியை நிறுத்த விடாத கனம்) சுமார் 20 கிலோகிராம் மீட்டர் ஸ்கொயர், வேகம் 900 ஆர்பிஎம். அதில் இருக்கும் சக்தி கிட்டத்தட்ட 89 கிலோஜூல், ஒரு லிட்டர் தண்ணீரை 21 டிகிரி சூடேற்றுகிற அளவு. 25 செகண்டில் நிறுத்தினால் அந்த நேரத்துக்குச் சராசரி மூன்றரை கிலோவாட், முதல் செகண்டில் ஏழு கிலோவாட். பெல்ட்டிலும் மோட்டாரிலும் கொஞ்சம் போனாலும், 300 வாட் கம்பி அதன் பெயருக்குப் பத்து மடங்குக்கு மேல் 25 செகண்ட் தாங்க வேண்டும். எங்கே தாங்கும்? பத்து நிமிஷச் சராசரியை மட்டும் பார்த்து ரெசிஸ்டர் வாங்கவே கூடாது, ஒரே ஒரு நிறுத்தத்தில் எவ்வளவு சூடு கொட்டுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஓம் விஷயத்தில் டிரைவ் மேனுவல் சொல்வதுதான் சட்டம். எங்கள் டிரைவுக்குக் குறைந்தபட்சம் 60 ஓம், அதற்குக் கீழே போனால் சாப்பர் டிரான்சிஸ்டர் (ரெசிஸ்டருக்குக் கரண்ட்டைத் திறந்து மூடும் டிரைவின் சுவிட்ச்) போய்விடும். டிசி பஸ் (டிரைவுக்குள் இருக்கும் டிசி லைன்) 780 வோல்ட் வரும்போது பிரேக் ஆன் ஆகிறது, 75 ஓம் போட்டால் 8.1 கிலோவாட் வரை இழுக்கும், நமக்கு வேண்டியது ஏழு, சரி. நூறு ஓம் போட்டிருந்தால் ஆறு கிலோவாட்தான், டிரிப் ஆகியிருக்கலாம்.

இப்போது இருப்பது தகரப் பெட்டிக்குள் பீங்கான் குழாய்களில் கம்பி சுற்றியது. கோவையில் சொல்லிச் செய்தது, விலை பழையதைப் போல இரண்டரை மடங்கு. ஒன்பது மாதமாக நாளுக்கு நூறு தடவைக்கு மேல் நிறுத்துகிறோம், ஒரு டிரிப்கூட இல்லை. வாங்கியதும் முதல் நாள் 25 செகண்டில் நிற்காமல் இழுத்துக்கொண்டே போனது, அது பெட்டியின் குற்றமில்லை, டிரைவில் ஓவர்வோல்டேஜ் ஸ்டால் (வோல்ட் ஏறினால் நிறுத்துவதைத் தானே மெதுவாக்கும் செட்டிங்) ஆனில் இருந்தது. அதை ஆஃப் செய்ததும் கச்சிதமாக நின்றது.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது உள்ளே இருக்கும் தெர்மோஸ்டாட், சூடு மிஞ்சினால் திறந்துகொள்ளும் சுவிட்ச். அதன் இரண்டு ஒயர்களையும் தனியாக வெளியே கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். தயவுசெய்து அதை டிரைவின் ஸ்டாப் டெர்மினலில் மட்டும் கொடுத்துவிட்டு விடாதீர்கள், டிரைவுக்கு வரும் மெயின் சப்ளையையே துண்டிக்கும் மெயின் கான்டாக்டரின் காயிலோடு சீரிஸில் போடுங்கள். சாப்பர் ஷார்ட் ஆகிவிட்டால் டிரைவ் ஸ்டாப்பில் இருந்தாலும் 587 வோல்ட் டிசி நேராக ரெசிஸ்டரில் நிற்கும், 75 ஓமில் அது நாலரை கிலோவாட், ஓயாமல். எங்கள் இடத்தில் பஞ்சு பறந்து எல்லா ஓட்டையிலும் படிகிறது, அது பற்றிக்கொள்ள அந்தச் சூடு போதும். அதனால் பெட்டியைப் பேனலுக்குள் வைக்காமல் வெளியே சுவரில், மேலே கையளவு இடம் விட்டு மாட்டியிருக்கிறோம், வாரம் ஒரு தடவை, மெயினை அணைத்து டிசி இறங்கிய பிறகு, ஏர் அடித்துச் சுத்தம் செய்கிறோம்.

குறை இரண்டு. எத்தனை செகண்டுக்கு எத்தனை மடங்கு லோடு தாங்கும் என்பது ஸ்டிக்கரில் இல்லை, போன் போட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். அப்புறம் பவர் ஒயர் சேரும் கனெக்டர் பிளாஸ்டிக், ஆறாவது மாதத்தில் பழுப்பேறி ஒரு ஓரம் விரிசல் விட்டது, பீங்கான் கனெக்டர் வாங்கி நானே மாற்றினேன்.

இரண்டாவது ஹைட்ரோவுக்கும் இதையே ஆர்டர் கொடுத்திருக்கிறேன், கனெக்டர் மட்டும் பீங்கானில்தான் வேண்டும் என்று எழுதிக் கொடுத்து.