பாரிசவாதம்: வீட்டிலா, ஆள் வைத்தா, ராகமவிலா?

அப்பாவுக்குப் பாரிசவாதம், அதாவது பக்கவாதம், வந்து, வார்டில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய அன்றுதான் எங்களுக்கு உண்மையான பயம் வந்தது. அதுவரை நேர்ஸ்மார் பார்த்தார்கள், இனி யார்? அப்பாவுக்கு வலது கையும் காலும் ஏலாது, பேச்சும் குழறல். திருகோணமலை உவர்மலையில் சின்ன வீடு, அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், எனக்கும் தங்கச்சிக்கும் வேலை. வீட்டாரே பார்ப்பது, சம்பளத்துக்கு ஆள் வைப்பது, கொழும்புப் பக்கம் இருக்கிற ராகம புனர்வாழ்வு வைத்தியசாலைக்கு அனுப்புவது என்று மூன்று வழி தெரிந்தது. மூன்றையும் யோசித்து, இரண்டைச் செய்து பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

ராகமவை முதலில் சொல்லிவிடுகிறேன். பிசியோதெரபி, அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் பயிற்சி, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில் நாள் தவறாமல் கிடைப்பது பெரிய விஷயம், ஏனென்றால் கை கால் திரும்பி வருவதில் பெரும்பங்கு முதல் மூன்று மாதத்திலேயே நடந்துவிடும், அந்த மாதங்களை வீட்டுக் கட்டிலில் வீணாக்கக் கூடாது. ஆனால் திருகோணமலையிலிருந்து 250 கிலோமீற்றர் அளவில் தூரம், கூட ஒருவர் போய் நிற்க வேண்டும். அதோடு அந்தப் பக்கம் சிங்களம்தான் அதிகம், அப்பாவுக்குத் தமிழ் தவிர வேறு மொழி வராது, இருக்கிற தமிழும் குழறுகிறது. பேச்சுப் பயிற்சி அவருடைய மொழியில் நடக்காவிட்டால் பாதிப் பயன்தான் என்று நினைத்தோம். தங்கி நிற்க ஆளும், கொஞ்சம் சிங்களமும் உள்ள வீடென்றால் வார்டு டொக்டரிடம் கேட்டு அனுப்பிவிடுங்கள், அது எங்கள் முடிவை விட நல்ல முடிவு.

அடுத்தது நாமே பார்ப்பது. பாசம் இருந்தால் போதும் என்று சொந்தக்காரர் சொல்வார்கள். ஆனால் பாசத்தில்தான் அப்பாவின் ஏலாத கையைப் பிடித்து இழுத்துத் தூக்கினோம், ஒரு கிழமையில் தோள்மூட்டு வலி வந்துவிட்டது. கையை இழுக்கவே கூடாது, கக்கத்தில் கைகொடுத்தும் தூக்கக் கூடாது. இடுப்பில் பட்டி கட்டி அதைப் பிடிக்க வேண்டும், கதிரையை ஏலுகிற பக்கத்தில் போட வேண்டும். இதை பிசியோதெரபி மிஸ் ஐந்து நிமிடத்தில் காட்டித் தந்தார். துண்டு வெட்டும் முன்பே கேட்டிருக்கலாம்.

சாப்பாடும் அப்படித்தான். அப்பா கேட்டது தேத்தண்ணி, அதுதானே லேசு என்று கொடுத்தோம். உண்மையில் விழுங்கக் கஷ்டப்படுகிறவருக்குத் தண்ணீர், தேத்தண்ணி, சொதி மாதிரி நீர்த்ததுதான் ஆபத்து, நெஞ்சுக்குள் போய் நிமோனியாவில் விடும். உதிருகிற புட்டும் வேண்டாம். குழையவிட்ட சோறு, மசித்த பப்பாசி, தயிர் மாதிரி சேர்ந்து நிற்கிறவை நல்லது, அதுவும் விழுங்குவதை வார்டில் பரிசோதித்த பிறகு. நிமிர்த்தி இருத்திக் கொடுத்து, முடிந்ததும் அரை மணித்தியாலம் சாய்க்காமல் வைக்க வேண்டும்.

வீட்டுப் பராமரிப்பு தோற்கிற இடம் இரவு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் நாரியிலும் குதிக்காலிலும் புண் வரும். காற்று மெத்தை வாங்கினால் புரட்ட வேண்டாம் என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள், அது உதவிதான், அதிலும் கரண்ட் போனால் காற்று இறங்கிவிடும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்து குதிக்காலை மெத்தையில் படாமல் விடுவது செலவில்லாத வேலை. அம்மாவும் நாங்களும் பத்து நாள் முறை போட்டு முழித்தோம். பதினோராம் நாள் தங்கச்சி பேசினைப் பிடித்தபடி நின்றே நித்திரை.

(இதற்கிடையில் ஒரு பெரியப்பா எங்கள் ஊர்ப் பக்கத்துக் கன்னியா வெந்நீர் ஊற்றில் குளிக்க வைத்தால் சரிவரும் என்றார். அம்மா கேட்டா, "அங்கே அந்தியேட்டிக்கல்லோ போறனாங்கள்?" அந்தியேட்டி செத்தவருக்குச் செய்கிற கிரியை, அதனால் சிரித்தோம். ஆனால் ஏலாத பக்கத்தில் சூடு தெரியாமல் இருக்கலாம், வெந்நீர்ப் போத்தல் ஒத்தடம் கொடுப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.)

அப்படித்தான் ஆள் வைக்கும் யோசனை வந்தது. முழுநேரம் வைப்பதைவிட இரவுக்கு மட்டும் வைப்பதே எங்கள் கணக்குக்குச் சரி: சம்பளம் குறைவு, பகலில் நாங்கள் நித்திரைத் தெளிவோடு பயிற்சி செய்விக்கலாம், அப்பாவுக்கும் பேச எங்கள் முகம்தான் இருக்கும். முழுநேர ஆள் எல்லாவற்றையும் தானே செய்துவிடுவார், ஊட்டுவார், துடைப்பார், அப்பா தன் இடது கையால் கரண்டி பிடிக்கவே பழக மாட்டார். பக்கத்து வீட்டில் அதுதான் நடந்தது. வீட்டில் பகல் முழுக்க ஒருவருமே இல்லை என்றால் வேறு கதை, அப்போது முழுநேர ஆளைத் தவிர வழியில்லை.

எப்படித் தேர்ந்தோம் என்றால், தங்கச்சி கட்டிலில் படுத்துக்கொண்டு, வந்தவரிடம் "என்னை மற்றப் பக்கம் திருப்பிப் படுக்க வையுங்கோ" என்றாள். முதலில் வந்தவர் நேரே கையைப் பிடித்து இழுத்தார். இரண்டாவதாக வந்த அக்கா கட்டிலைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, "எந்தப் பக்கம் ஏலாத பக்கம் பிள்ளை?" என்று கேட்டார். அவருக்கு அன்றிரவே பாய் விரித்தோம்.