டேப்லெட்டா கணினியா: மூன்று வருடம் ஓடிய பிறகு தெரிவது

கடையில் டேப்லெட்டைக் கையில் எடுத்த பத்தாவது நிமிடமே மனசு அதன் பக்கம் சாய்ந்துவிடும். எடை அரைக்கிலோதான், விசிறிச் சத்தம் கிடையாது, தொட்டதும் திறக்கிறது. கணினியின் அருமை தெரிவது பல மாதம் கழித்து, அவசரமாக வேண்டிய ஒரு கோப்பு டேப்லெட்டில் திறக்க மறுக்கும் நாளில். 2025-26 தமிழக பட்ஜெட்டில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி (டேப்லெட்) அல்லது மடிக்கணினி என்று அறிவிப்பு வந்ததிலிருந்து பல வீடுகளில் இதே பேச்சுதான். விலையையும் திரை அளவையும் ஒப்பிட்டு இதற்கு விடை காண முடியாது. உங்கள் கோப்புகள் எங்கிருந்து வருகின்றன, எங்கே போகவேண்டும் என்று முதலில் பாருங்கள்.

படிப்பதும் குறிப்பெடுப்பதும்தான் முக்கால்வாசி வேலை என்றால் டேப்லெட்டுக்கு இணை இல்லை. 400 பக்க பிடிஎஃப் பாடநூலில் கோடிட்டு, ஓரத்தில் கையால் எழுதி, பிறகு தேடி எடுப்பதெல்லாம் மடிக்கணினியில் சலிப்பான வேலை. பேனா விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. சாம்சங் எஸ் பென் எழுதுவதற்குப் பேட்டரியை நம்பியில்லை. ஆப்பிள் பென்சிலுக்குள் பேட்டரி உண்டு. மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் இழுப்பறையில் கிடந்தால் மறுபடி உயிர் பெறாமலே போகலாம். காகிதம்போல் சொரசொரப்பான திரை உறை ஒட்டினால் எழுத சுகமாக இருக்கும், ஆனால் நிப் வேகமாகத் தேயும், எழுத்தின் கூர்மையும் கொஞ்சம் மங்கும்.

தமிழில் நிறைய தட்டச்சு செய்பவருக்குக் கதை வேறு. திரை விசைப்பலகையில் தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு முறை நன்றாகவே வருகிறது. ஆனால் புளூடூத் விசைப்பலகையை இணைத்த மறுகணம் சில ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் தமிழ் காணாமல் போகும். திரையில் தெரியும் விசைப்பலகை ஒரு செயலி. வெளியிலிருந்து இணைக்கும் விசைப்பலகையில் எந்த விசைக்கு எந்த எழுத்து என்ற தளக்கோலத்தை இயங்குதளம் தனியாகத் தரவேண்டும். எனவே கடையிலேயே இணைத்து ‘அம்மா’, ‘தங்கம்’ என்று அடித்துப் பாருங்கள். தமிழ்99இல் ம-வை இரண்டு முறை தட்டினால் முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழவேண்டும்; ங-வுக்குப் பின் க வந்தாலும் அப்படியே. விழவில்லை என்றால் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓரிரண்டு தட்டல் கூடும். பத்துப் பக்கம் அடித்தால் விரல் சொல்லிவிடும்.

அச்சகத்தோடு தொடர்புள்ளவர்களுக்கு இதைவிடப் பெரிய தலைவலி பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள். அவை ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தவை. எழுத்துரு இல்லாத டேப்லெட்டில் அந்தக் கோப்பைத் திறந்தால் ‘தமிழ்’ என்ற சொல்லே நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக நிற்கும். விண்டோஸில் எழுத்துருக் கோப்பை இரட்டைச் சொடுக்கி நிறுவினால் அடுத்த நிமிடம் படிக்கலாம். வேர்டில் உள்ள உரை என்றால் டேப்லெட்டிலும் நகலெடுத்து யூனிகோடு மாற்றியில் ஒட்டித் தப்பிக்கலாம். பக்கம் வடிவமைக்கும் பழைய மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்பு என்றால் வழியே இல்லை.

கணக்கு வழக்கு பார்ப்பவர் டேப்லெட்டை மட்டும் நம்பக் கூடாது. டாலிபிரைம் என்ற கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கானது. ஜிஎஸ்டி தளத்தில் டிஎஸ்சி டோக்கனை (டிஜிட்டல் கையொப்பம் உள்ள யூஎஸ்பி கருவி) செருகிக் கையொப்பமிட, கணினியில் எம்சைனர் என்ற மென்பொருள் ஓடவேண்டும். ஓடிபி மூலம் தாக்கல் செய்யும் சிறு வணிகருக்கு டேப்லெட்டின் பிரவுசரே போதும். எக்செல் டேப்லெட்டிலும் உண்டு, ஆனால் திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானாக முடிக்கும் மேக்ரோ ஓடாது. இன்னொன்று பலர் கண்ணில் படுவதில்லை: திரை 10.1 அங்குலத்தைத் தாண்டினால் மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் செயலிகளில் கோப்பைத் திருத்தச் சந்தா கட்டவேண்டும். 10.9 அங்குல ஐபேடு வாங்கினால் அந்த வருடாந்திரச் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

பென்டிரைவ் எந்தக் கோப்பு அமைப்பில் ஃபார்மட் செய்யப்பட்டது என்ற விஷயம் சுருக்கமாக: எக்ஸ்ஃபேட் ஆக ஃபார்மட் செய்தது பெரும்பாலும் ஒத்துழைக்கும், என்டிஎஃப்எஸ் தகராறு செய்யும், ஃபேட்32இல் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறாது. டைப்-சி இருந்தாலே வேகம் என்பதும் இல்லை. பத்தாம் தலைமுறை ஐபேடின் டைப்-சி துளை யூஎஸ்பி 2.0 வேகத்தில்தான் நகரும். யூஎஸ்பி கம்பி மட்டும் உள்ள பழைய லேசர் பிரிண்டர் பெரும்பாலும் டேப்லெட்டோடு பேசாது, வைஃபை பிரிண்டர் வேண்டும்.

நம்மூர் வெயிலில் டேப்லெட் சோர்ந்துபோகும். ஐபேடைப் பயன்படுத்த ஆப்பிள் குறிப்பிடும் சுற்றுப்புற வெப்ப வரம்பு 35 டிகிரி. மே மாத மதியத்தில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் இந்த வரம்பு சர்வசாதாரணமாகத் தாண்டும். திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நின்றுபோகும். சார்ஜில் போட்டபடியே காணொளி வகுப்பு பார்ப்பதுதான் பேட்டரிக்குச் செய்யும் பெரிய கொடுமை. வெப்பமும் 100 சதவீதச் சார்ஜும் சேர்ந்தால் இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரி உப்பி, ஓரத்தில் திரை தூக்கத் தொடங்கலாம். அப்போது அழுத்தி ஒட்டப் பார்க்கக் கூடாது. அணைத்து, பழுது பார்ப்பவரிடம் கொடுப்பதுதான் வழி. மடிக்கணினியும் சூடாகும், ஆனால் விசிறித் தூசியைத் தட்டி, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் அதையும் மாற்றினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

மின்சாரக் கணக்கில் டேப்லெட்டை அடிக்க ஆளில்லை. 100 வாட் இழுக்கும் டெஸ்க்டாப் தினம் 6 மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 36 யூனிட். டேப்லெட்டைத் தினம் ஒருமுறை முழுக்கச் சார்ஜ் செய்தாலும் அதே காலத்தில் இரண்டரை யூனிட்டுக்குள் அடங்கும். கரண்ட் போனாலும் கவலையில்லை. டெஸ்க்டாப்புக்கோ யூபிஎஸ் வேண்டும், அதன் பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும்.

ஆயுள் என்று வந்தால் தராசு மறுபடி கணினிப் பக்கம் சாய்கிறது. 2014இல் வந்த ஐபேடு ஏர் 2, ஐபேட் ஓஎஸ் 15 உடன் நின்றுவிட்டது. புதிய செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிடும்போது செய்வதற்கு ஒன்றுமில்லை. அதே வருடக் கணினியில் ஒரு எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் ஏற்றினால் இன்றும் கடிதம் அடிக்கலாம். விலை மலிவான ஆண்ட்ராய்டு டேப்லெட்டுகளில் 4 ஜிபி ரேமும் 64 ஜிபி இடமும் கொண்டவை இரண்டாம் வருடமே திணறுகின்றன. இயங்குதளமே அந்த இடத்தில் ஒரு பங்கை விழுங்கிவிடும், மீதியை வாட்ஸ்அப் நிரப்பும்.

பணம் ஒன்றுக்குத்தான் போதும், தட்டச்சும் கணக்கும் உண்டு என்றால் மடிக்கணினி. வீட்டில் மேசை இருந்தால் அலுவலகங்களில் கழித்த டெஸ்க்டாப் ஒன்றும் படிக்க ஒரு டேப்லெட்டும் சேர்ந்து நல்ல ஜோடி; என் ஓட்டு இதற்கே. பழைய டெஸ்க்டாப் எடுக்கும்போது இன்டெல் எட்டாம் தலைமுறைச் சிப்புக்குக் கீழே போகாதீர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது, 11க்கு இந்தத் தலைமுறைச் சிப்போடு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். சில பெட்டிகளில் அது பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கம்) அணைந்தே கிடக்கும். அதை இயக்கிக் காட்டச் சொல்லிவிட்டு, பக்கத் தகட்டைக் கழற்றி இன்னொரு ரேம் போடக் காலித் துளை இருக்கிறதா என்றும் பார்த்த பிறகு பணத்தை எண்ணுங்கள்.