பி.காம் முடித்தவுடன் வரும் "வேலை உறுதி" அழைப்பு: பணமும் ஓடிபியும் கொடுக்கும் முன் படியுங்கள்

ரிசல்ட் வந்த இரண்டு மூன்று வாரத்துக்குள் அந்த போன் வரும். "உங்க ரெஸ்யூமே பார்த்தோம், அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட் போஸ்ட், சம்பளம் இருபத்திரண்டாயிரம், நாளைக்குக் காலையில இன்டர்வியூ." போனால் மெயின் ரோட்டில் மாடியில் ஓர் அலுவலகம். ஜர்னல் என்ட்ரி, தேய்மானம், பேங்க் ரீகன்சிலியேஷன் என்று பத்துக் கேள்வி உள்ள ஒரு தாள். அரை மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிட்டு, "தியரி நல்லா இருக்கு, டேலியும் ஜிஎஸ்டியும் பிராக்டிகலா தெரியல. மூணு மாசம் எங்ககிட்ட டிரெய்னிங் எடுத்தா நாங்களே கம்பெனியில உட்கார வைக்கிறோம்" என்பார்கள். வேலை கேட்டுப் போன பிள்ளை ஃபீஸ் கட்டுவதாக ஒப்புக்கொண்டு வீடு திரும்புகிறது. அந்த வேலை அங்கே இருந்ததே இல்லை. தாளில் யார் எவ்வளவு மார்க் வாங்கினாலும் பதில் இதேதான்.

இதில் சிக்குபவர்கள் பெரும்பாலும் வீட்டில் முதல் பட்டதாரிகள். பணம் அம்மாவின் நகையை அடகு வைத்து வருகிறது. அதனால்தான் இதை விவரமாக எழுத வேண்டியிருக்கிறது.

இப்படிச் சேர்ந்து ஏமாந்த ஒருவரின் காகிதங்களை வரிசையாகப் பார்த்தாலே விஷயம் விளங்கும். முதலில் நோட்டீஸ்: "100 சதவீதம் வேலை உறுதி." அடுத்து சேரும் நாளில் கையெழுத்து வாங்கிய நான்கு பக்க ஒப்பந்தம். அதில் "உறுதி" என்ற சொல்லே கிடையாது. "பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்", அதாவது வேலை தேட உதவி என்று மட்டும் இருக்கிறது. கீழே சின்ன எழுத்தில்: குறைந்தது மூன்று நேர்காணலுக்கு அனுப்பப்படும், வருகைப் பதிவு 90 சதவீதம் இருக்க வேண்டும், மாணவர் போகாவிட்டாலும் தேர்வாகாவிட்டாலும் நிறுவனம் பொறுப்பல்ல, கட்டிய பணம் திரும்பக் கிடையாது. அந்த மூன்று நேர்காணலும் நடந்தன. ஒன்று வெளியூரில், முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குச் செய்தி அனுப்பி. இன்னொன்று "ஃபைனான்ஸ் எக்ஸிகியூட்டிவ்" என்ற பெயரில் இன்ஷூரன்ஸ் விற்கும் வேலை, மாதா மாதம் டார்கெட். மூன்றாவதுக்குப் போனால், அந்த இடத்துக்கு ஆள் எடுத்துப் பல நாள் ஆகிறது என்றார்கள். ஒப்பந்தப்படி அவர்கள் கடமை முடிந்துவிட்டது.

மூன்றாவது காகிதம் ரசீது. கட்டணம் 25,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 4,500, ஆக மொத்தம் 29,500. ரசீதின் மேல் ஜிஎஸ்டிஐஎன், அதாவது ஜிஎஸ்டி பதிவு எண் இல்லை. வணிகவியல் படித்தவர் இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பதிவு செய்யாத ஒருவர் ஜிஎஸ்டி என்று ஒரு ரூபாய்கூட வசூலிக்கக் கூடாது, சட்டம் அதைத் தெளிவாகத் தடுக்கிறது. பதிவு இருந்தால் 15 இலக்க எண் ரசீதில் இருந்தாக வேண்டும். தமிழ்நாட்டில் எடுத்த பதிவு என்றால் 33 என்று தொடங்கும், அடுத்த பத்து எழுத்து பான். ஜிஎஸ்டி தளத்தில் லாகின் எதுவும் இல்லாமலே அந்த எண்ணைத் தேடி, யார் பெயரில் இருக்கிறது, உயிரோடு இருக்கிறதா ரத்தாகிவிட்டதா என்று பார்க்கலாம். போர்டில் "பிரைவேட் லிமிடெட்" என்று இருந்தால் 21 இலக்க சிஐஎன், அதாவது கம்பெனிப் பதிவு எண்ணைக் கேளுங்கள். அதற்குள்ளேயே மாநிலக் குறியீடும் பதிவான ஆண்டும் இருக்கும். "15 ஆண்டு அனுபவம்" என்று போர்டு சொல்ல, எண்ணுக்குள் 2023 என்று இருந்தால் அந்த 15 ஆண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம்.

நான்காவது காகிதம்தான் நீண்ட காலம் வலிப்பது. கையில் பணம் இல்லை என்றதும், "மாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்டலாம்" என்று சொல்லி ஆதார், பான், ஒரு செல்ஃபி, போனுக்கு வந்த ஓடிபி எல்லாம் கவுன்டரிலேயே வாங்கிக்கொள்கிறார்கள். இது ஃபீஸைத் தவணையாகக் கட்டும் வசதி அல்ல. ஒரு நிதி நிறுவனத்தில் உங்கள் பெயரில் எடுக்கப்பட்ட கடன். மொத்தப் பணமும் பயிற்சி மையத்துக்கு முன்கூட்டியே போய்விடும். வகுப்பு பிடிக்காமல் நின்றாலும், மையத்தையே மூடிவிட்டுப் போனாலும் தவணை உங்கள் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். கட்டாவிட்டால் பவுன்ஸ் கட்டணம், வசூல் ஆட்களின் போன், சிபில் அறிக்கையில் கறை. கையெழுத்துப் போடும் முன் "கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்" என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். கடன் கொடுப்பவர் பெயர், ஆண்டு வட்டி, மொத்தம் கட்ட வேண்டிய தொகை, கடனை வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அந்த அவகாச நாட்களுக்குள் வெளியே வந்தால் சேதம் குறைவு.

அந்த மூன்று மாதத்தில் என்ன சொல்லித் தருகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். கம்பெனி கிரியேட் செய்வது, லெட்ஜர் போடுவது, எஃப்4 முதல் எஃப்9 வரை வவுச்சர்கள், ஒரு மாதிரி பேலன்ஸ் ஷீட். ஜிஎஸ்டி தளத்தின் படத்தை புரொஜெக்டரில் காட்டுவார்கள். டேலி பிரைம் என்ற கணக்கு மென்பொருளை யாரும் இலவசமாக இறக்கி எஜுகேஷனல் மோடில் ஓட்டிப் பழகலாம். 1, 2 போன்ற ஓரிரு தேதிகளில் மட்டுமே என்ட்ரி போட விடும், பழகுவதற்கு அது தாராளமாகப் போதும். ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) தயாரிக்கும் ஆஃப்லைன் டூலும் ஜிஎஸ்டி தளத்திலேயே இலவசம்.

ஆடிட் ஆபீஸிலும் கம்பெனியிலும் சோதிப்பது வேறு. கையில் ஒரு பில்லைக் கொடுத்து என்ட்ரி போடச் சொல்வார்கள். உதாரணத்துக்கு, பெங்களூரு சப்ளையர், சரக்கு 40,000, அதே பில்லில் லாரி வாடகை 1,000, வரி 18 சதவீதம். சான்றிதழோடு வருபவர்களில் பலர் சரக்குக்கு மட்டும் வரி போட்டு, அதை சிஜிஎஸ்டி (மத்திய அரசின் பங்கு), எஸ்ஜிஎஸ்டி (மாநிலத்தின் பங்கு) என்று பாதி பாதியாகப் பிரித்து, வாடகையைச் செலவில் தனியாக எழுதுகிறார்கள். சப்ளையர் எண் 29 என்று தொடங்குகிறது, கர்நாடகம். ஆகவே வெளிமாநிலக் கொள்முதலுக்கான ஐஜிஎஸ்டி. வாடகையும் பில் மதிப்பில் சேரும். 41,000-க்கு 18 சதவீதம் 7,380, பில் தொகை 48,380. தப்பாகப் போட்டால் சப்ளையர்கள் காட்டிய பில்களின் பட்டியலாக அடுத்த மாதம் 14-ம் தேதி வரும் ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு பொருந்தாது. சிஜிஎஸ்டி கிரெடிட்டை (வாங்கும்போது கட்டிய வரிக்கான கழிவை) எஸ்ஜிஎஸ்டிக்கு ஈடுகட்டவும் முடியாது. இந்த ஒரு பில்லில் ஆள் தெரிந்துவிடும்.

கூடவே கேட்பவை: பர்ச்சேஸ் ரெஜிஸ்டரையும் 2பி-யையும் எக்செலில் வைத்து விலுக்-அப் (VLOOKUP) என்ற தேடல் ஃபார்முலா போட்டு விட்டுப்போன பில்லைக் கண்டுபிடிப்பது, மாதத்தின் தேதிகள், அதாவது 7 டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடித்துக் கட்டும் வருமான வரி), 11 ஜிஎஸ்டிஆர்-1, 15 பிஎஃப்பும் இஎஸ்ஐயும், 20 ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் ரிட்டர்ன்), மார்ச் மாத டிடிஎஸுக்கு மட்டும் ஏப்ரல் 30. கான்ட்ராக்டருக்குப் பணம் கொடுத்தால் தனிநபருக்கு 1 சதவீதம், கம்பெனி அல்லது பார்ட்னர்ஷிப்புக்கு 2 சதவீதம் பிடிப்பது. இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி அடுக்குகள் மாறிவிட்டன, 12-ம் 28-ம் பெரும்பாலும் போய் 5, 18, 40 என்றாகிவிட்டது. வருமான வரியிலும் 2026 ஏப்ரல் 1 முதல் புதிய சட்டம், பிரிவு எண்களே வேறு. பழைய புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்துத் தரும் மையத்துக்கு ஃபீஸ் கட்டினால் தப்பான பாடத்தைக் காசு கொடுத்து வாங்குவதாகத்தான் ஆகும்.

எல்லாப் பயிற்சி மையமும் மோசடி என்று சொல்ல வரவில்லை. ஒழுங்காகச் சொல்லித் தரும் இடங்கள் உண்டு. அவர்கள் வகுப்புக்குக் காசு வாங்குவார்கள், வேலைக்கு வாங்க மாட்டார்கள். போன பேட்ச்சில் படித்த ஐந்து பேரின் எண்ணைக் கேட்டால் தயங்காமல் தருவார்கள்.

கன்சல்டன்சி விஷயம் சுருக்கம். ஆள் தேடித் தந்ததற்குக் கம்பெனிதான் கமிஷன் கொடுக்கும். பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம், லேப்டாப் டெபாசிட், பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் கட்டணம் என்று எந்தப் பெயரில் உங்களிடம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டை யாரிடமும் விட்டுவராதீர்கள். சரிபார்க்க வேண்டுமானால் உங்கள் முன்னாலேயே பார்த்துவிட்டுத் திருப்பித் தரட்டும், அட்டெஸ்ட் செய்த நகலை வைத்துக்கொள்ளட்டும். ஒரிஜினலை வைத்துக்கொண்டு, "இரண்டு வருஷம் முடியறதுக்கு முன்னால் வேலையை விட்டால் ஐம்பதாயிரம் கட்டு" என்று மிரட்டும் சின்ன நிறுவனங்கள் இன்றும் இருக்கின்றன.

சில மையங்கள் கூடுதல் பணத்துக்கு இரண்டு வருட "எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்" தருகின்றன. தயவுசெய்து வாங்காதீர்கள். கொஞ்சம் பெரிய கம்பெனி எதுவானாலும் யுஏஎன் என்ற பிஎஃப் எண்ணையும் பழைய சம்பளம் ஏறிய பேங்க் ஸ்டேட்மென்டையும் கேட்கும். அங்கே ஒன்றும் இல்லை என்றால் கிடைத்த வேலையும் போகும், போலி ஆவணம் கொடுத்தவர் என்ற பெயரும் ஒட்டிக்கொள்ளும்.

"ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப், ஸ்டைபண்ட் கம்மி, ஆனா சிஏவுக்குக் கணக்காகும்" என்று சொல்லியும் பிள்ளைகளை எடுக்கிறார்கள். சிஏ படிப்பை நடத்தும் ஐசிஏஐ-யில் மாணவராகப் பதிந்து, அந்த ஆடிட்டரிடம் சேர்ந்ததும் ஐசிஏஐ-யிலேயே பதிவானால் மட்டுமே அது ஆர்ட்டிகிள்ஷிப், அதாவது சிஏவுக்கான செய்முறைப் பயிற்சி. பதிவு எண் இல்லாமல் உழைக்கும் நாட்கள் சிஏவுக்கு ஒருநாளும் கணக்கில் வராது. வெறும் அசிஸ்டன்டாகச் சேர்வதில் தவறில்லை, நல்ல வேலை அங்கேதான் கற்கலாம். ஆனால் அப்போது அசிஸ்டன்டுக்குரிய சம்பளத்தைக் கேளுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பணமே கேட்காத வேலை. "வீட்டிலிருந்தே அக்கவுண்ட்ஸ், சம்பளக் கணக்கு திறக்கணும், ஆதாரும் பானும் அனுப்புங்க, ஓடிபி சொல்லுங்க." சில நாளில் உங்கள் பெயரில் ஒரு ஜிஎஸ்டி பதிவு எடுத்து, சரக்கே நகராமல் பில் மட்டும் போட்டு வரியை ஏய்ப்பார்கள். நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கு வரும். அல்லது உங்கள் பேங்க் கணக்கில் யாரோ ஏமாந்தவரின் பணம் வந்து போகும், போலீஸ் உங்களைத் தேடி வரும். கேமரா முன் பெயரைச் சொல்லச் சொல்லி வீடியோ எடுத்தால், அது டிஜிட்டல் கையெழுத்து வாங்குவதற்கான சரிபார்ப்பாக இருக்கலாம். அது அவர்கள் கையில் இருந்தால் உங்களை ஒரு கம்பெனியின் டைரக்டராகவே ஆக்கிவிடுவார்கள். ஏற்கெனவே ஆவணம் கொடுத்திருந்தால் இன்றே ஜிஎஸ்டி தளத்தில் "சர்ச் டாக்ஸ்பேயர்" பகுதியில் "சர்ச் பை பான்" என்பதைத் திறந்து உங்கள் பான் எண்ணைப் போடுங்கள். தெரியாத பதிவு ஒன்று வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தச் சரகத்தின் வணிகவரி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள், காவல் நிலையத்திலும் கொடுங்கள். நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

உண்மையான ஆஃபர் லெட்டர் வந்தால் அதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். சம்பளம் 15,000 என்றால் பிஎஃப் 12 சதவீதம் 1,800, இஎஸ்ஐ 0.75 சதவீதம் 113 ரூபாய், கைக்கு 13,087. "சிடிசி 15,000" (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்று சொன்னால் நிர்வாகத்தின் பங்கும் அதற்குள் போய், கைக்கு இன்னும் குறையும். சேரும் முன்பே கேட்டுவிடுங்கள். பிஎஃப் பிடிக்கிறார்கள், ஆனால் இரண்டு மாதமாகியும் யுஏஎன் எண் தரவில்லை என்றால் அதைக் கேட்டு வாங்கி உமங் செயலியில் பாஸ்புக்கைப் பாருங்கள். பிடித்த பணம் ஏறியிருக்க வேண்டும். ஐந்தாறு பேர் மட்டும் உள்ள ஆடிட் ஆபீஸில் பிஎஃப் இல்லாமல் இருப்பது சகஜம், அதை மோசடி என்று நினைக்க வேண்டாம்.

பணம் கட்டி ஏமாந்தவர்கள் முதலில் போன் பேச்சை நிறுத்திவிட்டு எழுத்துக்கு மாறுங்கள். நோட்டீஸின் போட்டோ, ஒப்பந்தம், ரசீது, யுபிஐ எண், வாட்ஸ்அப் உரையாடல், அனுப்பிய நேர்காணல்களின் தேதியும் அங்கே நடந்ததும் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். 15 நாள் கெடு வைத்து, பணத்தைத் திருப்பிக் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்புங்கள். அடுத்து 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் இல்லாமலும் நீங்களே வாதாடலாம், இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். "100 சதவீத வேலை உறுதி" என்று கோச்சிங் மையங்கள் விளம்பரம் செய்வதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் தடுக்கின்றன. மனுவில் அதையும் எழுதுங்கள். கடன் சிக்கலுக்கு முதலில் கடன் கொடுத்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி ஓம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பாளர்), உதவி எண் 14448. ஆன்லைனில் பணம் பறிபோயிருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் 1930.

பைசா செலவில்லாமல் தேடும் வழிகளும் இருக்கின்றன. தமிழ்நாடு அரசின் தனியார் துறை வேலைவாய்ப்பு இணையதளம், மாவட்ட வேலைவாய்ப்பு மையங்கள் நடத்தும் முகாம்கள், கல்லூரியில் இருக்கும்போதே நான் முதல்வன் பயிற்சிகள். ஆடிட் ஆபீஸ்களில் ரிட்டர்ன், ஆடிட் வேலை குவிவது ஜூன் முதல் செப்டம்பர் வரை. அந்த நேரத்தில் கூடுதல் கை தேவைப்படும். ஒரு பக்க ரெஸ்யூமேயோடு, நீங்களே டேலியில் போட்ட ஒரு மாதக் கணக்கையும் 2பி ஒப்பீட்டு எக்செல் ஷீட்டையும் பிரின்ட் எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். காலையில் கிளையன்ட் வரும் நேரத்தைத் தவிர்த்து மதியம் மூன்று மணிக்கு மேல் போனால், ஆடிட்டரோ சீனியரோ உட்கார்ந்து பார்க்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.