"முகாம் புத்தகம் எரிஞ்சு போச்சு" என்று சொல்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்

வன்னியில் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் கொப்பிக்காக (பிரதிக்காக) அலைகிற தாய் தகப்பன்மாருக்கு இதை எழுதுகிறேன். முக்கியமாக, போர் முடிந்து சனம் முகாம்களில் இருந்த 2009, 2010 இல் செட்டிகுளத்திலோ வவுனியாவிலோ பிறந்த பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு. 15 வயது தாண்டியதும் பள்ளிக்கூடத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள், ஓ.எல். சோதனைக்கும் அது தேவை. அடையாள அட்டை வேண்டுமென்றால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இந்த அவசரத்தைத் தெரிந்து வைத்துக்கொண்டு காசு பறிக்கிற ஆட்கள் அலுவலக வாசலிலேயே நிற்கிறார்கள். அப்படி ஒருவர் எங்களிடம் 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு போலிப் பத்திரத்தைத் தந்தார்.

எங்கள் மூத்தவன் 2009 ஆடியில் செட்டிகுளம் ஆஸ்பத்திரியில் பிறந்தவன். போர் முடிகிற நேரம் வட்டுவாகல் பாலம் தாண்டி வரும்போது அவன் என் வயிற்றில் ஏழு மாதம். செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்தபடியே பிறப்பைப் பதிந்து, சான்றிதழையும் கையில் தந்தார்கள். புதுக்குடியிருப்புக்குத் திரும்பி வந்த பிறகும் அது தகரப் பெட்டிக்குள் பத்திரமாகத்தான் இருந்தது. 2018 மார்கழி வெள்ளம் பெட்டிக்குள்ளும் புகுந்துவிட்டது. காணிப் பத்திரம், கலியாணப் பதிவு, பிள்ளையின் சான்றிதழ் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிப் போயின. சாமித் தட்டில் இருந்த அவனுடைய கிளினிக் கொப்பி, அதாவது குழந்தையில் கிளினிக்குக்குக் கொண்டுபோகிற புத்தகம், மட்டும் தப்பியது. அந்தக் கொப்பியை நினைவில் வைத்திருங்கள், பிறகு சொல்கிறேன்.

சான்றிதழின் கொப்பி எடுக்க ஒரு பிரதேச செயலகத்துக்குப் போனேன். பதிவுப் பகுதி அலுவலர் பயிற்சிக்குப் போய்விட்டார், பிறகு வாங்கோ என்று வாசலில் இருந்தவர் சொன்னார். எப்போது வருவார், என்ன கொண்டுவர வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை. கூலி வேலையை விட்டு, இரண்டு பஸ் மாறி வருகிற ஒருத்திக்கு "பிறகு" என்றால் இன்னொரு நாள் சம்பளம் போகும். அலுவலகத்தில் யாராவது ஒருவர் கொஞ்சம் நின்று விளக்கியிருந்தால் எதிரில் இருக்கிற போட்டோக் கொப்பிக் கடையில் நிற்கிறவருக்கு வேலையே இருந்திருக்காது. இதை அலுவலகங்களில் இருக்கிறவர்களும் வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கடையில் நின்றவர் நல்ல மரியாதையாகத்தான் கதைத்தார். "என்னக்கா, பிள்ளையின்ர பதிவோ? எங்க பிறந்தது?" என்று கேட்டார். செட்டிகுளம் என்றேன். முகத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொண்டு, "முகாமில இருக்கேக்க பிறந்ததெண்டால் கஷ்டம் அக்கா. முகாம் மூடேக்க அந்தப் புத்தகமெல்லாம் எரிச்சுப் போட்டாங்கள். கொழும்பிலதான் எடுக்கோணும். எனக்கு அங்க ஆள் இருக்கு, உள்ளுக்க இருக்கிற சேருக்கும் கொஞ்சம் குடுக்கோணும்" என்றார். முதலில் 8,000, பத்திரம் கைக்கு வந்ததும் 10,000. பற்றுச்சீட்டு ஒன்றும் தரவில்லை. ஒரு தொலைபேசி இலக்கம் தந்தார்.

இந்தப் பொய் ஏன் எடுபடுகிறது என்று எங்கள் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எரிந்ததையும் தொலைந்ததையும் கண்ணால் கண்ட சனம் நாங்கள். ஒரு புத்தகம் எரிந்துவிட்டது என்று சொன்னால் ஏன் எப்படி என்று யார் கேட்கப்போகிறார்கள்? எங்கள் இழப்பையே காட்டி எங்களிடம் காசு வாங்குவதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இப்போதும் எழுதும்போது கை பதறுகிறது.

கடைசியில் ஒரு பழுப்பு உறையில் பத்திரம் வந்தது. முழுவதும் சிங்களத்தில் இருந்தது. கேட்டதற்கு, "கொழும்பில எடுத்ததெல்லோ, அதான்" என்றார். மிச்சக் காசையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். பார்த்தால் பத்திரம் மாதிரித்தான் இருந்தது. கட்டங்கள், மேலே அரச இலச்சினை, கீழே ஊதா நிற முத்திரை, ஒரு கையெழுத்து. முத்திரையின் எழுத்து மட்டும் கலங்கி, எந்த அலுவலகம் என்று தெரியாமல் இருந்தது.

மகன் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனான். நல்ல காலம், அவர்களுக்குச் சிங்களம் படிப்பிக்கிற ரீச்சர் அன்று அங்கே நின்றிருக்கிறா. வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினா. "அம்மா, பிள்ளை எங்க பிறந்தவர்? இதில புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி எண்டு கிடக்கு" என்றா. 2009 ஆடியில் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியிலா? அந்த நேரம் அங்கே ஈ காக்கை இல்லை. ஊரே முட்கம்பி வேலிக்குள் முகாமில் இருந்தது. போரில் இடிந்து கிடந்த ஆஸ்பத்திரியில் எந்தத் தாய் போய்ப் பிள்ளை பெறுவாள்? பத்திரத்தை அடித்தவருக்கு அதுகூடத் தெரியவில்லை. என் மகன் பிறந்த இடத்தையே மாற்றி எழுதிவிட்டார்கள்.

ரீச்சர் கவனிக்காமல் அது அடையாள அட்டை கொடுக்கிற ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போயிருந்தால் பிள்ளைதான் விசாரணைக்கு முகம் கொடுத்திருப்பான். போலி என்று தெரிந்துகொண்டு பத்திரத்தைப் பாவிப்பதும் குற்றம். தெரியாமல் கொடுத்தோம் என்று நிரூபிக்க நாங்கள் எத்தனை படி ஏறியிருக்க வேண்டும்? பிறகு பாஸ்போட், வேலை, கலியாணப் பதிவு என்று எல்லாவற்றிலும் அந்தப் பிழை கூடவே வந்திருக்கும்.

சரி, உண்மையான கொப்பி எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு திரும்பவும் பதிவுப் பகுதிக்குப் போனேன். அதன் முன்பக்கத்தில் குடும்பநல மாது எழுதியபடி பிறந்த திகதி, ஆஸ்பத்திரி, தாயின் பெயர் எல்லாம் இருந்தன. அன்று அலுவலகத்தில் வேலையில் இருந்த பெண் பிள்ளை அதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்வியும் கேட்காமல் கணினியில் தேடினா. செட்டிகுளத்துப் பதிவு அப்படியே இருந்தது. எரியவும் இல்லை, அழியவும் இல்லை. பதிவு இலக்கம் எனக்குத் தெரியாதபடியால் தேடுகிற கட்டணத்தோடு 250 ரூபாய் கட்டினேன். பற்றுச்சீட்டும் தந்தார்கள். கொப்பி தமிழில் இருந்தது, பிறந்த இடம் செட்டிகுளம் என்று இருந்தது.

எங்கள் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். பதிவு இருப்பது பிள்ளை பிறந்த இடத்தில். இப்போது குடியிருக்கிற ஊர் எதுவானாலும் சரி, தாய் தகப்பனின் சொந்த ஊர் எதுவானாலும் சரி. செட்டிகுளம் ஆஸ்பத்திரியில் பிறந்த பிள்ளையின் பதிவு வெங்கலச்செட்டிகுளம் பிரதேச செயலகப் பிரிவுக்கு உரியது. வவுனியா ஆஸ்பத்திரியில் பிறந்தவர்களுக்கு வவுனியா. முகாம் திறந்ததோடும் மூடியதோடும் அதற்குச் சம்பந்தம் இல்லை. பதிவாளர்கள் முகாமுக்குச் சொந்தமானவர்கள் இல்லை, மெனிக் பாம் 2012 இல் மூடியபோது எந்தப் பதிவுப் புத்தகமும் அதோடு மூடப்படவில்லை. 1960 இற்குப் பிந்திய பதிவு கணினியில் ஏற்றப்பட்டிருந்தால் நாட்டில் எந்தப் பிரதேச செயலகத்திலும் கொப்பி எடுக்கலாம், அதற்காகச் செட்டிகுளம் வரை போகவும் தேவையில்லை. விண்ணப்பப் படிவம் பி 63 அலுவலகத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். அதையும் 100 ரூபாய்க்கு விற்கிறார்கள், வாங்காதீர்கள். பதிவு இலக்கமும் பதிந்த திகதியும் தெரிந்தால் கட்டணம் இன்னும் குறைவு. ஆகவே பழைய போட்டோக் கொப்பி எங்கேயாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். முதலாம் வகுப்பில் சேர்க்கும்போது பள்ளிக்கூடத்தில் கொடுத்த பிரதி இன்னும் அவர்களுடைய கோப்பில் இருக்கக்கூடும்.

கொப்பி எடுத்து ஆறு மாதம் தாண்டினால் செல்லாது என்று சொல்லியும் இந்தப் புரோக்கர்மார் பயப்படுத்துகிறார்கள். பிறப்புச் சான்றிதழ் கொப்பிக்குக் காலாவதி இல்லை என்று பதிவாளர் நாயகம் திணைக்களமே அறிவித்திருக்கிறது. பழைய நல்ல கொப்பி வைத்திருக்கிறவர்கள் அதையே காட்டிக் கேளுங்கள்.

போரில் உண்மையாகவே புத்தகம் அழிந்த இடங்களும் உண்டு. அந்த அழிவுக்கு முந்தி முல்லைத்தீவு, கிளிநொச்சிப் பக்கம் பிறந்தவர்கள் சிலருக்கு அந்தச் சிக்கல் இருக்கிறது. அப்போதும் புரோக்கர் தேவையில்லை. ஒவ்வொரு பிறப்புப் பதிவுக்கும் இரண்டாம் பிரதி ஒன்று பதிவாளர் நாயகத்துக்குப் போகிற முறை சட்டத்திலேயே இருக்கிறது. அவை கொழும்பு மாளிகாவத்தையில் உள்ள மத்திய ஆவணக் காப்பறையில் இருக்கின்றன. உங்கள் பிரதேச செயலகத்தில் இல்லையென்றால் அங்கே தேடச் சொல்லிக் கேளுங்கள். அங்கேயும் இல்லையென்றால், தேடியும் இல்லை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு காலங்கடந்த பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்குக் கிராம சேவகரின் உறுதிப்படுத்தல், பள்ளிக்கூடப் பதிவு, ஞானஸ்நானப் பதிவு போன்றவை உதவும். நாள் எடுக்கும்தான், ஆனால் கையில் வருவது உண்மையான பத்திரம்.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். அந்த இலக்கம் இப்போது வேலை செய்வதில்லை. கடைக்காரர் தனக்கு ஆளைத் தெரியாது என்கிறார். ஆனால் எங்கள் பக்கத்திலேயே இன்னும் சிலர் அவரிடம் காசு கொடுத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அநேகம் பேர் தனியாகப் பிள்ளை வளர்க்கிற பெண்கள். வெளியில் சொன்னால் வெட்கம், பத்திரத்துக்குப் பிரச்சினை வரும் என்று பேசாமல் இருக்கிறார்கள். வெட்கப்பட வேண்டியது காசு வாங்கினவர்தான். உள்ளுக்குள் இருக்கிற சேருக்குக் கொடுக்க வேண்டும் என்று யாராவது உங்களிடம் கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954 இற்கு அழைத்துச் சொல்லலாம். நடைமுறை என்ன, எங்கே போவது என்று கேட்க அரச தகவல் நிலையம் 1919 இருக்கிறது.

இப்படி வெளியாள் ஒருவர் எடுத்துத் தந்த பத்திரம் உங்கள் வீட்டில் இருந்தால், பிள்ளையின் அடையாள அட்டை விண்ணப்பத்தோடு சேர்க்க முன்னம் அதை எடுத்துப் பாருங்கள். பிறந்த இடம் சரியா, பதிவுப் பிரிவு அந்த இடத்துக்குரியதா, முத்திரையில் எந்த அலுவலகம் என்று வாசிக்க முடிகிறதா? சிங்களத்தில் இருந்தால் பள்ளிக்கூடத்தில் யாரிடமாவது வாசிப்பியுங்கள். பிறகு அதைப் பிரதேச செயலகத்தின் பதிவுப் பகுதிக்குக் கொண்டுபோய் இந்த இலக்கத்தில் இந்தப் பிள்ளை பதிவில் இருக்கிறதா என்று நேரே கேளுங்கள். போக்குவரத்துக்குக் காசில்லை, தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றால் ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் வாருங்கள், நான் கூட வருகிறேன்.