பால் கணக்கும் ஊசிக் கணக்கும்

இந்தப் பொங்கலுக்கு ஐந்து வாரம் லீவு போட்டு மெல்போர்னிலிருந்து பாளையங்கோட்டைக்குப் போயிருந்தேன். போனது அப்பாவின் கண் ஆபரேஷனுக்காக. அது ஒரே நாளில் முடிந்து, அப்பா கறுப்புக் கண்ணாடியோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். மீதி நாளெல்லாம் மணியோடு போயிற்று. மணி எங்கள் வீட்டு லாப்ரடார். நாலு வயது.

கேட்டைத் திறந்ததும் ஓடி வந்தவன், பாதி வழியில் நின்று வாலடியைத் திரும்பிக் கடிக்க ஆரம்பித்தான். அந்த இடத்தில் முடியே இல்லை. தோல் தடித்துக் கறுத்திருந்தது. காதைத் தூக்கினால் புளித்த மாவு வாடை. வாரம் தவறாமல் வீடியோ காலில் பார்த்த நாய்தான். வாடை வீடியோவில் வராதே.

"அலர்ஜிதான் ஏட்டி. ஊசி போடுதோம், கேக்கும்" என்றாள் அம்மா.

என்ன ஊசி? அரிப்பு ஊசி. மருந்துச் சீட்டு? கிடையாது.

அடுத்த ஊசிக்கு நானும் கூடப் போனேன். எந்த கிளினிக் என்பது வேண்டாம். உள்ளே போய் வெளியே வர மூன்று நிமிஷம் ஆகியிருக்கும். காதைத் தூக்கிப் பார்க்கவில்லை, என்ன சாப்பிடுகிறான் என்று கேட்கவில்லை. நான் விடாமல் கேட்டதில் அது ஸ்டீராய்டு என்று தெரிந்தது. ஸ்டீராய்டை நான் குறை சொல்லவில்லை. அரிப்பை அவ்வளவு சீக்கிரம், அவ்வளவு மலிவாக அடக்குகிற மருந்து வேறு இல்லை. கொஞ்ச நாளைக்கு என்றால் நல்ல மருந்துதான். ஆனால் காரணத்தைத் தேடாமல் மாதக்கணக்கில் அதையே போட்டால் தோல் மெலியும், சர்க்கரை வரலாம், கிருமித் தொற்று சுலபமாக ஒட்டிக்கொள்ளும். மணி வாளி வாளியாகத் தண்ணீர் குடித்து ஹாலில் மூத்திரம் போனதை அம்மா வெயில் என்று நினைத்திருக்கிறாள். எந்நேரமும் பசிக்கிறது என்று தட்டையும் நிரப்பியிருக்கிறாள். அதுவும் மருந்தின் வேலைதான். கிளம்பும்போது, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ரத்தத்திலேயே கண்டுபிடித்துவிடலாம், ஒரு டெஸ்ட் இருக்கிறது என்றார்கள். விலையைக் கேட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று வந்துவிட்டோம்.

நல்ல நாய் டாக்டர் வேண்டுமென்றால் சென்னை வேப்பேரிக்குத்தான் போக வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். 1903ல் தொடங்கிய கல்லூரி, பெயர் அப்படி. எங்கள் ஊர்ப் பக்கம் ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்தது 2012ல். நான் ஊரை விட்டுப் போனது 2009ல். அங்கே ஆஸ்பத்திரி இருப்பதை பால்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவருடைய மாட்டுக்கு அங்கேதான் பார்த்திருக்கிறார்.

போவதுதான் பாடு. இரண்டு ஆட்டோக்காரர்கள் மணியைப் பார்த்ததும் வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். மூன்றாமவர் சீட்டில் பழைய போர்வை விரித்து, மேலே கொஞ்சம் போட்டுக் கொடுங்க என்று ஏற்றிக்கொண்டார். ஊருக்குப் போய் நாயைக் காட்ட நினைப்பவர்கள் முதல் நாளே ஒரு ஆட்டோக்காரரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள், போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு முன்னால் கால் வீங்கிய வெள்ளாடு, அட்டைப்பெட்டியில் ஒரு சேவல், சினைப் பசு ஒன்று. மணி ஆட்டைப் பார்த்த ஆச்சரியத்தில் சொறிவதையே மறந்துவிட்டான்.

டாக்டர் அம்மா முதலில் நாயைத் தொடவில்லை. கேள்விதான். எப்போது ஆரம்பித்தது, எங்கே படுக்கிறான், வீட்டில் வேறு யாருக்காவது அரிக்கிறதா, என்னென்ன தின்கிறான். பின்னால் நின்ற மாணவர்கள் எழுதிக்கொண்டே வந்தார்கள். "இதுவரைக்கும் எத்தனை ஊசி?" என்றபோது அம்மா பையிலிருந்து போன வருஷக் காலண்டரை எடுத்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அது அவளுடைய பால் கணக்கு. கட்டங்களில் ஒன்றரை, ஒன்றரை, இரண்டு என்று லிட்டர் எழுதியிருக்கும். ஐந்து கட்டங்களில் மட்டும் மூலையில் 'மணி ஊசி' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தாள்.

டாக்டர் காலண்டரைக் கையில் வாங்கி நாள் எண்ணினார். முதல் ஊசிக்கும் இரண்டாவதற்கும் நடுவில் 45 நாள். கடைசி இரண்டுக்கும் நடுவில் 19. "ஊசி தாங்குற நாள் குறைஞ்சுகிட்டே வருது பாருங்க. அடியில எதுவோ கூடிட்டே போகுது" என்று மாணவர்களிடமும் காட்டினார். குற்றாலத்தில் சாரல் விழுந்த மாதத்தில்தான் முதல் ஊசி. ஈரக்காற்றும் புழுக்கமும் எந்தப் பூச்சிக்குப் பிடிக்கும் என்று மாணவர் ஒருவரைக் கேட்டார். "தெள்ளுப்பூச்சி, மேடம்."

பல் நெருக்கமான சீப்பால் மணியின் வாலடியை வாரினார்கள். பூச்சி ஒன்றும் விழவில்லை. மிளகுத்தூள் மாதிரி கறுப்பாகக் கொஞ்சம் தூள்தான். அதை ஈரப் பஞ்சில் வைத்து அழுத்தியதும் தூளைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தது. மணியின் ரத்தத்தைக் குடித்துப் பூச்சி போட்ட எச்சம். வெறும் மண்தூளாக இருந்தால் சிவக்காது. இதை யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஒவ்வாமை பூச்சியின் எச்சிலுக்கு. ஒத்துக்கொள்ளாத நாய்க்கு ஒன்றிரண்டு கடியே போதும், நாள்கணக்கில் அரிக்கும். அதனால் "பூச்சியே கண்ணில் படவில்லையே" என்பது பதிலாகாது.

அப்புறம் பிளேடால் லேசாக ரத்தம் கசியும்வரை தோலைச் சுரண்டி, சொறிப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார்கள். இல்லை. கால் விரலிடுக்கில் செலோடேப்பை ஒட்டி எடுத்துச் சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார்கள். நிலக்கடலை வடிவத்தில் குட்டிக் குட்டியாக ஈஸ்ட் பூஞ்சை. காதில் அடித்த புளித்த மாவு வாடைக்கு அதுதான் காரணம்.

ரத்த டெஸ்ட்டைப் பற்றிக் கேட்டேன். சாப்பாட்டு ஒவ்வாமைக்கு அதை நம்ப முடியாது, தூசி, மகரந்தம் மாதிரி வெளி ஒவ்வாமைக்குத் தடுப்பு ஊசி தயாரிக்க மட்டும் சில சமயம் உதவும் என்றார். மெல்போர்னில் என் நாயைப் பார்க்கும் டாக்டர் சொன்னதும் இதையேதான். என் நாய்க்கு வயிறெல்லாம் சிவந்தபோது எந்த டெஸ்ட்டும் எடுக்கவில்லை; வேலியோரம் படர்ந்திருந்த டிரடெஸ்கான்ஷியா கொடியைப் பிடுங்கிப் போட்டதும் அடங்கிவிட்டது. ஆஸ்திரேலியாவில் நாய் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கொடி பழைய எதிரி.

மணிக்குச் சிக்கல் ஒன்றோடு முடியவில்லை. வாலடி என்றால் தெள்ளுப்பூச்சி. ஆனால் காதும் பாதமும் சேர்ந்து அரித்தால் வீட்டுத் தூசியில் வாழும் நுண்பூச்சி மாதிரி சுற்றுப்புற ஒவ்வாமையோ சாப்பாடோ கூட இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது என்பதால் டாக்டர் வரிசை போட்டார்: முதலில் பூச்சி, பூஞ்சை, மிச்சம் அரிப்பு இருந்தால் சாப்பாடு. பூச்சிக்கு மாதம் ஒரு மாத்திரை. பூஞ்சைக்கு வாரம் இருமுறை குளோர்ஹெக்சிடின் ஷாம்பு, நுரையைப் பத்து நிமிஷம் அப்படியே விட வேண்டும். (சோப்பு நுரையோடு ஒரு லாப்ரடாரைப் பத்து நிமிஷம் பிடித்து வைத்துப் பாருங்கள்.) இடையில் அரிப்புக்கு ஸ்டீராய்டு இல்லாத ஓக்லாசிட்டினிப் மாத்திரை. அது மட்டும் ஜங்ஷன் கடையில் இல்லை. மறுநாள் வரவழைத்துக் கொடுத்தார்கள். ஆட்டோவுக்கு ஆன செலவில் பாதிகூட ஆஸ்பத்திரியில் ஆகவில்லை.

வீட்டு வேலைதான் பெரிது. நூறு பூச்சி இருந்தால் நாயின் மேல் ஐந்துதான் இருக்குமாம். மிச்சமெல்லாம் முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவுமாகத் தரையில். கூட்டுப்புழு மாதக்கணக்கில் சும்மா கிடந்து, நடக்கிற அதிர்வு பட்டதும் வெளியே வரும். மணி படுப்பது மாடிப்படிக்கு அடியில், ஒரு கயிற்று மிதியடியில். அதே இடத்தில் தெருப் பூனை ஒன்று குட்டி போட்டிருந்தது. நாயைக் கடிப்பதும் பெரும்பாலும் பூனைத் தெள்ளுதான். மிதியடியை எரித்தோம், தரையைக் கொதிநீரால் கழுவினோம். பெர்மெத்ரின் பூச்சிமருந்து அடிக்கலாம் என்று அப்பா கிளம்பினார். அது பூனைக்கு விஷம் என்று தடுத்தேன். அவர் முன்பு தடவிய வேப்பெண்ணெயால் தூசி ஒட்டிக்கொண்டதைத் தவிர வேறு கெடுதல் இல்லை. எதிர் ஒர்க்‌ஷாப்காரர் சொன்ன பழைய எஞ்சின் ஆயிலை நல்லவேளை யாரும் தடவவில்லை. நாய் நக்கித் தொலைத்தால் உள்ளேயும் கேடு.

மூன்றே வாரத்தில் வாலடியில் பூனைமுடி மாதிரி ரோமம் முளைத்தது. பாதம் மட்டும் அடங்கவில்லை, நக்கிக்கொண்டே இருந்தான். சரி, சாப்பாட்டுச் சோதனை. எட்டு வாரத்துக்கு, புரதத்தைத் துகள் துகளாக உடைத்துச் செய்த தீவனம் மட்டும். அவ்வளவு சின்னதாக உடைந்தால் உடம்புக்கு அது இன்ன புரதம் என்று அடையாளம் தெரியாது. அரிப்பு அடங்கினால் பழைய சாப்பாட்டைத் திரும்பக் கொடுத்து, மறுபடி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால்தான் உறுதி. இறைச்சி வாசனை போட்ட குடற்புழு மாத்திரைகூட இந்த எட்டு வாரத்துக்கு ஆகாது. மூட்டையின் விலையை அம்மாவிடம் பாதிதான் சொன்னேன். அதற்கே, "தயிர்சாதம் தின்னு வளந்தவனுக்கு வந்த வாழ்வப் பாரு" என்றாள்.

மணிக்குத் தீனி எங்கள் வீட்டில் மட்டும் கிடைப்பதில்லை. பூக்காரி ஒரு ரஸ்க், இஸ்திரிக்காரர் ஒரு பன், பக்கத்து வீட்டு ஆச்சி காலையும் மாலையும் மேரி பிஸ்கட். எல்லாம் கோதுமையும் பாலும். கேட்டில் 'மணிக்கு எதுவும் கொடுக்காதீர்கள்' என்று அட்டை மாட்டிவிட்டு விமானம் ஏறினேன்.

புதுக் காலண்டரில் அம்மா பால் கணக்குக்குப் பக்கத்தில் மணியின் நாளையும் எண்ணிக்கொண்டு வந்தாள். போன ஞாயிறு போன் வந்தது. 31ஆம் நாளாம். பாதத்தை நக்குவது பாதியாகக் குறைந்திருந்ததாம். ஆச்சிக்கு அட்டையைப் படிக்கக் கண் தெரியவில்லை. "பிள்ளை எளைச்சுப் போச்சே" என்று முழு பாக்கெட்டையும் பிரித்துப் போட்டிருக்கிறாள்.

"இப்ப என்னட்டி செய்ய?" என்றாள் அம்மா.

"டாக்டர் அம்மாகிட்ட சொல்லிட்டு, மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணும்மா" என்றேன். பென்சில் எடுக்கப் போனாள்.