ஓப்பன்எஃப்எஸ்டி: எந்தப் பதிலை நம்புவது?

ஒரே வேலையைச் செய்வதாக நான் நம்பிய இரண்டு டிரான்ஸ்டியூசர்கள் (எழுத்து வரிசையைப் படித்து, நிலைக்கு நிலை நகர்ந்து, வேறொரு வரிசையாக மாற்றி எழுதும் இயந்திரங்கள்) கையில் இருந்தன. நிஜமாகவே சமானமா என்று பார்க்கத்தான் ஓப்பன்எஃப்எஸ்டியை நிறுவினேன். இப்படிப்பட்ட இயந்திரங்களைக் கையாள 2007-இல் வெளிவந்த திறந்த மூல சி++ நூலகம் அது. இணைப்பது, சுருக்குவது எல்லாம் அருமை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சமானத்துக்கு வருவோம். அதற்கான கட்டளை, எப்சிலான் (எழுத்து எதையும் படிக்காத நகர்வு) இல்லாத, டிடர்மினிஸ்டிக் (ஓர் எழுத்துக்கு ஒரே வழி உள்ள) அக்செப்டர்களுக்கு மட்டும்தான். அக்செப்டர் எதையும் எழுதாது, உள்ளீட்டை ஏற்குமா இல்லையா என்று மட்டும் சொல்லும். சரி, உள்ளீடு-வெளியீடு ஜோடியை ஒரே குறியாக என்கோட் செய்துவிட்டு ஒப்பிடலாம். முதல் தடவை இரண்டையும் தனித்தனியாக என்கோட் செய்து, ஜோடிகளுக்குக் கிடைத்த குறி எண்கள் குழம்பி, ஒரு மாலை முழுக்க முழித்தேன். தப்பு என்னுடையதுதான். இரண்டுக்கும் ஒரே என்கோடரைக் கொடுத்திருக்க வேண்டும்.

கொடுத்தாலும் பாருங்கள்: ஒன்று 'அ' வந்ததும் 'க' எழுதிவிட்டு 'ஆ'வுக்குச் சும்மா இருக்கிறது. மற்றது 'அ'வுக்குச் சும்மா இருந்து 'ஆ'வுக்கு 'க' எழுதுகிறது. இரண்டுமே 'அஆ'வை 'க' ஆக்குபவை. ஆனால் இந்த வழியில் கேட்டால் சமானம் இல்லை என்றே வரும். ஆக இங்கே 'ஆம்' என்றால் நம்பலாம், 'இல்லை' என்றால் நம்பக் கூடாது. ரேண்டமாகப் பாதைகளை எடுத்து ஒப்பிடும் இன்னொரு கட்டளை நேர் எதிர்: வித்தியாசம் சிக்கினால் அது நிஜம், சிக்காவிட்டால் எதுவும் உறுதியில்லை.

கருவியைத் திட்டி என்ன பயன்? பொதுவான டிரான்ஸ்டியூசர்களுக்கு இதைத் தீர்மானிக்கவே முடியாது என்று கிரிஃபித்ஸ் என்ற ஆய்வாளர் 1968-லேயே நிரூபித்துவிட்டார். ஆனால் ஓர் உள்ளீட்டுக்கு ஒரே வெளியீடு தரும் வகைக்கு முடியும். என்னுடையவை அந்த வகைதான். இரண்டும் ஏற்கும் உள்ளீடுகள் ஒன்றுதானா என்பதை நூலகமே சரிபார்த்துக் கொடுத்தது. அப்புறம் இரண்டையும் சேர்த்து ஓட்டி, ஒன்றின் வெளியீடு மற்றதைவிட எவ்வளவு முந்துகிறது என்று கணக்கு வைக்கும் பகுதியை நானே எழுதினேன். இதற்கொரு கட்டளை இருந்திருக்கலாம்.

ஒரு டிரான்ஸ்டியூசரை இரண்டு எளிய இயந்திரங்களாகப் பிரிப்பதிலும் அதே கதை. வரிசையாக எத்தனை 'அ' வந்தாலும், கடைசி எழுத்து 'ட' என்றால் அவ்வளவும் 'க', 'த' என்றால் அவ்வளவும் 'ப' ஆக வேண்டும். இதை இடமிருந்து வலமாகப் படிக்கும் டிடர்மினிஸ்டிக் இயந்திரமாக்கச் சொன்னால், எழுதாமல் வைத்திருக்கும் பாக்கி கூடிக்கொண்டே போகும். வேலை முடியவே முடியாது. இப்படிப்பட்டதையும் எதிரெதிர்த் திசையில் படிக்கும் இரண்டு டிடர்மினிஸ்டிக் இயந்திரங்களாகப் பிரிக்கலாம் என்று எல்காட், மெசே என்ற ஆய்வாளர்கள் 1965-இல் காட்டினார்கள். அதற்குத் தயார்க் கட்டளை இல்லாததால் கையால் பிரித்தேன்: கடைசியிலிருந்து படித்து ஒவ்வொரு 'அ'வுக்கும் அடையாளம் வைக்க மூன்று நிலைகள், அடையாளத்தைப் பார்த்து எழுத ஒரே ஒரு நிலை.