மரத்தரைக்கு எந்த வேக்யூம்: கேனிஸ்டரா, கார்ட்லெஸ்ஸா?

நியூஜெர்சில இப்ப இருக்கற வீட்ல கிச்சன் வரைக்கும் ரெட் ஓக் மரத்தரை. பழைய அபார்ட்மெண்ட்ல முழுக்க கார்பெட்டா இருந்ததால அதுக்குன்னு வெச்சிருந்த அப்ரைட் வேக்யூமை (மோட்டாரும் பிரஷ்ஷும் ஒண்ணா இருக்கற, நிக்க வெச்சுத் தள்ளற வகை) வித்துட்டு புதுசா ஒண்ணு தேட வேண்டியதாச்சு. கடைசில நின்னது ரெண்டு: வயரோட வர்ற கேனிஸ்டர் (மோட்டார் பெட்டி சக்கரத்துல பின்னாடி வரும், குழாயும் பிரஷ்ஷும் மட்டும் கையில), இல்லன்னா பேட்டரில ஓடற, கம்பு மாதிரி இருக்கற கார்ட்லெஸ் ஸ்டிக். நான் எடுத்தது கேனிஸ்டர், அதனால அந்தப் பக்கம் சாய்ஞ்சுதான் எழுதுவேன். கார்ட்லெஸ் தங்கச்சி வீட்ல இருக்கு, அங்க போனா நானும் ஓட்டுவேன்.

அப்ரைட் ஏன் வேண்டாம்னா, கார்பெட்டை அடிச்சு தூசி எழுப்பறதுக்குன்னு அதுல கெட்டி நைலான் பிரஷ் உருளை வரும். மரத்துல அது பாலிஷைக் கீறும், மண்ணை உறிஞ்சறதுக்குப் பதிலா தெறிக்க வேற விடும். உருளையை ஆஃப் பண்ற பட்டன் இருந்தா சமாளிக்கலாம்.

வசதின்னு பாத்தா கார்ட்லெஸ்தான், சந்தேகமே இல்ல. தாளிக்கும்போது கடுகு தெறிச்சா சுவத்துலேர்ந்து கழட்டி உடனே இழுத்துடலாம், நான் கேனிஸ்டரை வெளிய எடுத்து வயரை விரிச்சு பிளக் தேடறதுக்குள்ள அந்தக் கடுகு மேல வீட்ல எல்லாரும் நடந்து முடிச்சிருப்பாங்க. விலை, சத்தம், எடை எல்லாம் மாடலுக்கு மாடல் மாறும், அதை விடுங்க.

எனக்கு முடிவு பண்ணிக் குடுத்தது வேற விஷயம், தரையைத் தொடற அந்த ஹெட்டை எவ்ளோ சுலபமா சுத்தமா வெச்சிக்க முடியும்ங்கறது. தரையைக் கீறறது பெரும்பாலும் மணல்தான். மணல்ல இருக்கற குவார்ட்ஸ்ங்கற கல் மோஸ் கடினத்துல (எது எதைக் கீறும்னு 1லேர்ந்து 10 வரைக்கும் போற அளவு) 7, பாலியூரிதேன் பாலிஷ் அதுக்கு முன்னாடி நிக்காது. மரத்தோட கெட்டித்தனத்தைச் சொல்ற ஜான்கா அளவுல ரெட் ஓக் 1290, நல்ல கெட்டி மரம்தான், ஆனா மொதல்ல அடி வாங்கறது மேல இருக்கற பாலிஷ் ஆச்சே. இங்க பனி பெஞ்சா அது உருகறதுக்கு ரோட்ல உப்பு கொட்டுவாங்க, வாசல்லயே ஷூ கழட்டினாலும் எப்படியோ உள்ள வந்துரும். அந்த மாதிரி ஒரு துகள் பிரஷ்லயோ சக்கரத்துலயோ சிக்கிக்கிச்சுன்னா நாம சுத்தம் பண்றோம்னு நெனச்சிக்கிட்டு உப்புத்தாள் போட்டு தேய்ச்சிட்டு இருப்போம்.

கார்ட்லெஸ்ல வர்ற மெத்து உருளை மாவு மாதிரி தூசியை என்னோடதை விட நல்லாவே எடுக்குது, அதை ஒத்துக்கணும். ஆனா தங்கச்சி வீட்ல எல்லாருக்கும் நீள முடி, உருளையோட ரெண்டு ஓரத்துலயும் கயிறு மாதிரி சுத்தி நிக்கும், பஞ்சுக்குள்ள பொடி மண்ணு ஒளிஞ்சிருந்தா வெளிய தெரியாது. கழுவலாம், ஆனா அதைச் செய்யற டைசன் கம்பெனியோட கைடுல குறைஞ்சது 24 மணி நேரம் காய விடச் சொல்றாங்க, எக்ஸ்ட்ரா உருளை இல்லன்னா அன்னிக்கு வேக்யூமே கிடையாது.

கேனிஸ்டர்ல மெல்லிசான முடி வெச்ச, மரத்தரைக்குன்னே வர்ற பார்கெட் பிரஷ் போட்டா அதுல சுத்தற உருளையே இல்ல, மோட்டார் தனிப் பெட்டில இருக்கறதால அந்த எடையும் பிரஷ் மேல ஏறாது. குப்புறத் திருப்பினா எல்லாம் கண்ணுக்குத் தெரியும், பழைய டூத் பிரஷ்ஷால ஒரு தட்டு, முடிஞ்சுது. பெட்டி இழுபட்டு வருதே, அது கீறாதான்னு கேப்பீங்க. நாம முன்னாடி உறிஞ்சிக்கிட்டே போனா அது பின்னாடி சுத்தமான இடத்து மேலதான் உருளும். இருந்தாலும் ரப்பர் சக்கரமா பாத்து வாங்குங்க, எடுக்கறதுக்கு முன்னாடி ஈரத்துணியால சக்கரத்தை ஒரு தடவை துடைச்சிடுங்க.

முக்கால் இன்ச் முழு மரம்னா கீறல் ஜாஸ்தியானாலும் இழைச்சு திரும்ப பாலிஷ் போட்டுக்கலாம், செலவு இருக்கு, ஆனா வழி இருக்கு. மேல மட்டும் மெல்லிசா மரம் ஒட்டின இன்ஜினியர்டு தரைன்னா பல வீட்ல ஒரு தடவை கூட இழைக்க முடியாது, அப்போ இந்த ஹெட் விஷயத்துல இன்னும் கறாரா இருங்க.

தானா ஓடற ரோபோ வேக்யூம் எனக்கு நண்பர் வீட்ல பாத்த பழக்கம்தான், பெருசா பேச மாட்டேன். துடைக்கற மாடலா இருந்தா தண்ணியை மட்டும் ரொம்பக் கொறைச்சு வெய்ங்க, இடுக்குல ஈரம் இறங்கினா பலகை ஓரம் தூக்கிக்கும். ஸ்டீம் மாப் மரத்தரை பக்கமே வேண்டாம்.

வீடு பாதி கார்பெட், பாதி மரம்னா என் கணக்கு மாறியிருக்கும், ரெண்டு ஹெட் வர்ற கார்ட்லெஸ்ஸையே எடுத்திருப்பேன், கூட ஒரு எக்ஸ்ட்ரா மெத்து உருளையும் சேத்து.